ஒரே செய்தியோடு பல நாள்: திருகோணமலையில் ஆங்கிலம் படிப்பது பற்றி

ஆங்கிலம் கற்க எந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்று கேட்கும் பெற்றோருக்கு நான் புத்தகத்தின் பெயர் எதையும் சொல்வதில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் வெளியிடும் வானிலை அறிக்கையைப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்கிறேன். மாலை வேளைகளில் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறவள் என்ற முறையில், திருகோணமலையில் வாழ்கிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். கடலை மூன்று பக்கமும் வைத்துக்கொண்டு வாழும் நகரம் இது. மழையும் காற்றும் இங்கே பொழுதுபோக்குப் பேச்சல்ல. வள்ளம் இறங்குமா, மீன் வருமா, மூதூருக்குப் போகிறவர் இன்று போகலாமா என்பதையெல்லாம் அவையே தீர்மானிக்கின்றன. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவையோடு படிக்கப்படும் நான்கு வரி, தேவையில்லாமல் படிக்கப்படும் நாற்பது பக்கத்தைவிட ஆழமாக மனத்தில் இறங்கும்.

அந்த அறிக்கைக்கு வேறு சிறப்புகளும் உண்டு. அது மிகச் சிறியது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் வெளிவருவது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் வாக்கியங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஊர்களின் பெயரும் திசையும் அளவும்தான் மாறுகின்றன. ‘புத்தளத்திலிருந்து மன்னார், காங்கேசன்துறை ஊடாகத் திருகோணமலை வரையான கரைக்கு அப்பாற்பட்ட கடற்பிராந்தியங்களில்’ என்று தமிழில் வானொலியில் கேட்டுக் கேட்டு எங்கள் காதுக்குப் பழகிப்போன தொடர், ஆங்கிலத்தில் ‘எக்ஸ்டெண்டிங் ஃப்ரொம் புத்தளம் டு டிரிங்கோமலி வயா மன்னார்’ என்று வருகிறது. ‘ஃப்ரொம்’, ‘டு’, ‘வயா’ என்ற மூன்று சொற்களும் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்பதற்கு இனி ஓர் இலக்கணப் பாடம் தேவையில்லை. கரையோர வரைபடமே அதைச் சொல்லிவிடுகிறது. ‘செவரல் ஸ்பெல்ஸ் ஒஃப் ஷவர்ஸ்’ என்றால் விட்டுவிட்டுப் பல தடவை பெய்யும் மழை என்பதையும், ‘மெயின்லி டிரை வெதர் வில் பிரிவெய்ல்’ என்றால் பெரும்பாலும் மழையற்ற வானிலை நிலவும் என்பதையும் பிள்ளைகள் அகராதியைத் தொடாமலே எடுத்துக்கொள்கிறார்கள். பின்னர் ஒருநாள், ‘பீஸ் பிரிவெய்ல்ஸ்’ என்று வேறொரு செய்தியில் அந்தச் சொல்லைக் காணும்போது, மழையில்லாத நாட்களோடு தொடங்கிய சொல் அமைதிக்கும் உரியது என்று தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த முறையின் முழுப் பலனையும் நான் கண்டது 2020ஆம் ஆண்டு டிசம்பரில், புரெவிச் சூறாவளி எங்கள் பக்கம் வந்தபோது. வங்கக் கடலில் உருவாகும் சூறாவளிகளுக்கு, இப்பிராந்திய நாடுகள் முன்கூட்டியே கொடுத்த பட்டியலிலிருந்துதான் பெயர் வைப்பார்கள். புரெவி என்பது மாலைதீவு கொடுத்த பெயர். அந்த நாட்களில் இலங்கைத் திணைக்களத்தின் அறிக்கையும் புது டில்லியிலிருந்து இந்திய வானிலைத் துறை வெளியிட்ட அறிக்கைகளும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தன. அவை ஒவ்வொன்றிலும் எங்கள் ஊரின் பெயர் இருந்தது. ‘லே சென்டர்ட் அபவுட்’ என்று தொடங்கி, இத்தனை கிலோமீற்றர், திருகோணமலைக்குக் கிழக்கு-தென்கிழக்கே என்று முடியும் ஒரே வாக்கியம், ஒவ்வொரு முறையும் ஒரு சிறிய எண்ணோடு வந்தது. தூரம் குறையக் குறைய அந்த வாக்கியத்தைப் படிக்கத் தெரியாதவர் யாருமே எங்கள் வகுப்பில் இருக்கவில்லை.

அந்த வாரத்தில் படித்த சொற்களை நான் இன்றும் அதே வரிசையில் நினைவுகூர முடியும். முதலில் ‘லோ பிரஷர் ஏரியா’, பிறகு ‘டிப்ரெஷன்’, அதன்பின் ‘டீப் டிப்ரெஷன்’, இறுதியில் ‘சைக்லோனிக் ஸ்டோர்ம்’. இவை ஒன்றுக்கொன்று பதிலாக எழுதக்கூடிய பொதுச் சொற்கள் அல்ல. காற்றின் வேகம் 17 முதல் 27 நொட் வரை (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) இருந்தால் தாழமுக்கம், 28 முதல் 33 வரை ஆழமான தாழமுக்கம், 34 நொட்டைத் தொட்டால் சூறாவளி என்று இந்திய வானிலைத் துறை வரையறுத்து வைத்திருக்கிறது. ஆகவே ‘இன்டென்சிஃபை இன்டு’ என்ற தொடர் வந்தால் அது இந்தப் படிகளில் ஒன்றில் ஏறிவிட்டது என்று பொருள். ‘வீக்கன் இன்டு’ என்று வந்தால் இறங்கிவிட்டது. ‘இன்டு’ என்ற சிறு சொல் இரண்டுக்கும் பொதுவாக நின்றதைப் பிள்ளைகள் தாமாகவே கவனித்தார்கள். டிசம்பர் 2ஆம் திகதி இரவு குச்சவெளி, திரியாய்ப் பக்கமாக அது கரையைக் கடந்தபோது ‘மேட் லாண்ட்ஃபோல்’ என்று செய்தி வந்தது. மறுநாள் அது மன்னார் வளைகுடாவுக்குள் போய், இராமநாதபுரக் கரைக்கு அருகே நகராமல் நின்றுவிட்டது. ‘ரிமெய்ன்ட் பிராக்டிக்கலி ஸ்டேஷனரி’ என்ற தொடரை அப்போதுதான் படித்தோம். எழுதுபொருட் கடையின் பெயர்ப்பலகையில் பார்த்த ‘ஸ்டேஷனரி’க்கும் இதற்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம் என்று வகுப்பில் ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னதும் அன்றுதான்.

அந்த நாட்களில் திருக்கடலூரிலிருந்து வரும் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியை இங்கே எழுதவேண்டும். அவளுடைய தகப்பன் கடலுக்குப் போகிறவர்.

“ரீச்சர், இதில ‘லைக்லி’ எண்டு போட்டிருக்கு. அப்ப வருமோ, வராதோ?”

“வரக்கூடும், பிள்ளை. ‘வில்’ எண்டு எழுதினா நிச்சயமா எதிர்பார்க்கிறாங்க எண்டு அர்த்தம். ‘வெரி லைக்லி’ எண்டு கண்டா, அப்பாட்டச் சொல்லி வள்ளத்த மேல ஏத்தச் சொல்லு.”

அவள் அந்த அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினாள். அறிக்கை எழுதுபவர்கள் ‘லைக்லி’, ‘வெரி லைக்லி’, ‘மோஸ்ட் லைக்லி’ என்று தங்கள் உறுதியைப் படிப்படியாக அளந்து எழுதுகிறார்கள் என்பதை, ஒரு குடும்பத்தின் வள்ளத்தை முன்வைத்துக் கற்ற பிள்ளை இனி மறக்கப்போவதில்லை. பாடநூலில் இதே சொற்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் சொல்லும் போய்விடும்.

நாளுக்கொரு புதிய செய்தி படிப்பதைவிட ஒரே செய்தியைப் பல நாட்கள் தொடர்ந்து படிப்பதுதான் சொல்வளம் சேர்க்கும் வழி என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் உள்ள விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் நேஷன் என்ற மொழியியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓர் ஆங்கில நாளிதழை உதவியின்றிப் புரிந்துகொள்ள, அதாவது 50 சொற்களுக்கு ஒரு சொல்தான் தெரியாது என்ற நிலையில் வாசிக்க, 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். இந்த எண்ணைக் கேட்டதும் பெற்றோரின் முகம் வாடிவிடுகிறது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வங்காளத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச்சொற் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள்தான் உள்ளன. சாதாரணமான எந்த ஆங்கில எழுத்திலும் ஐந்தில் நான்கு பங்கை அந்தச் சொற்களே நிரப்பிவிடுகின்றன. எஞ்சும் ஒரு பங்குதான் செய்திக்குச் செய்தி மாறுகிறது. நாளுக்கொரு செய்திக்குத் தாவுகிறவர் அந்த ஒரு பங்கை ஒவ்வொரு நாளும் புதிதாகச் சந்திக்கிறார். ஒரே செய்தியோடு இருப்பவருக்கோ முதல் நாள் தடுத்த சொற்கள் மூன்றாம் நாள் பழகியவையாகவும் பத்தாம் நாள் தம்முடையவையாகவும் ஆகிவிடுகின்றன. அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் இதைக் குறுகிய வாசிப்பு என்ற பெயரில் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார். பெயர்தான் குறுகியது.

2022ஆம் ஆண்டு இந்த நாட்டு மக்கள் எல்லோரும், தாம் விரும்பாமலே, இப்படிப்பட்ட ஒரு நீண்ட செய்திக்குள் வாழ்ந்தோம். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றவர்களின் கையில் பத்திரிகை இருந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தபோது ‘சஸ்பெண்ட்’ என்ற சொல் முதல் பக்கத்துக்கு வந்தது. அடுத்த மாதங்களில், கட்டவேண்டிய கடனைக் கட்டத் தவறுவதைச் சொல்லும் ‘டிஃபோல்ட் ஒன்’ வந்தது. செப்டெம்பர் 1ஆம் திகதி சர்வதேச நாணய நிதியத்துடன் ‘ஸ்டாஃப் லெவல் எக்ரிமென்ட்’ எட்டப்பட்டது என்று செய்தி வந்ததும் பணம் வந்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அது நிதியத்தின் அதிகாரிகள் மட்டத்தில் எட்டப்பட்ட இணக்கம் மட்டுமே. அதன் நிறைவேற்றுச் சபை ‘அப்ரூவ்’ செய்ய 2023ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘ரீச்’ என்பது எக்ரிமென்டுக்கு, ‘அப்ரூவ்’ என்பது சபைக்கு, வழங்குவதைக் குறிக்கும் ‘டிஸ்பேர்ஸ்’ என்பது பணத்துக்கு, ‘டிரான்ச்’ என்பது தவணை தவணையாக வரும் பங்குக்கு என்று ஒவ்வொரு சொல்லும் தனக்குரிய துணையோடுதான் வந்தது. ஒரு சொல்லை அதனோடு கூடி வரும் சொற்களைக் கொண்டே அறியலாம் என்று பிரித்தானிய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபேர்த் 1957இல் எழுதினார். தனித் தனிச் சொல்லாக மனப்பாடம் செய்த பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் ஏன் ஒட்டாமல் நிற்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

தலைப்புகளைப் பற்றித் தனியே சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் அங்கேயே தடுக்கி நின்றுவிடுகிறார்கள். ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்பில் நடந்து முடிந்த விடயம் நிகழ்கால வினையில் எழுதப்படுகிறது. நடக்கப்போவது ‘டு’ என்ற சொல்லோடு வருகிறது. ‘இஸ்’, ‘ஆர்’, ‘வோஸ்’ போன்றவை இடமின்மையால் விடப்படுகின்றன. எரிபொருள் விலை நள்ளிரவு முதல் மாறப்போகிறது என்றால் ‘ஃபியூவல் பிரைசஸ் டு பி ரிவைஸ்ட்’ என்பார்கள். இந்த மூன்றையும் அறிந்தால் தலைப்புகளில் பாதி திறந்துவிடும். மறுபாதி, ‘ஹைக்’ (உயர்த்துதல்), ‘ஸ்லாஷ்’ (வெகுவாகக் குறைத்தல்), ‘புரோப்’ (விசாரணை), ‘நாப்’ (பிடித்தல்), ‘ரோ’ (சர்ச்சை) போன்ற குட்டைச் சொற்கள். இவற்றை அறிந்திருக்க வேண்டும், ஆனால் நேர்முகப் பரீட்சையிலோ கடிதத்திலோ எடுத்தாளக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். ‘என் சம்பளத்தை ஹைக் பண்ணுங்கள்’ என்று எந்த அலுவலகத்திலும் யாரும் கேட்பதில்லை; அங்கே ‘இன்கிரீஸ்’ என்பதே பொருந்தும்.

இதே எச்சரிக்கை கடற்படையின் செய்திக் குறிப்புகளுக்கும் நீதிமன்றச் செய்திகளுக்கும் பொருந்தும். கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகம் எங்கள் ஊரில் இருப்பதால், சட்டவிரோதமாக மீன்பிடித்தவர்கள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. அந்தக் குறிப்புகள் ‘அப்ரிஹெண்டட்’ என்று தொடங்கி, பிடிபட்டவர்கள் கடற்றொழில் திணைக்கள அதிகாரிகளிடம் ‘ஃபோர் ஒன்வேர்ட் லீகல் எக்‌ஷன்’, அதாவது மேலதிகச் சட்ட நடவடிக்கைக்காக, ஒப்படைக்கப்பட்டார்கள் என்று முடிகின்றன. நீதவான் முன் ‘புரொடியூஸ்ட்’, இன்ன திகதி வரை ‘ரிமாண்டட்’, பின்னர் ‘கிரான்டட் பெய்ல்’ என்பது நீதிமன்றத்தின் வரிசை. விளக்கமறியல், பிணை என்ற தமிழ்ச் சொற்களை ஏற்கனவே அறிந்தவர்களுக்கு இவை ஒரே வாரத்தில் வசமாகும். வாசிப்பதற்கான ஆங்கிலமும் வாய்க்கான ஆங்கிலமும் ஒன்றல்ல என்பதை மட்டும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். ‘சந்தேகத்தின் பேரில்’, ‘கூறப்படும்’ என்ற பொருளில் வரும் ‘ஒன் சஸ்பிஷன் ஒஃப்’, ‘அலெஜ்ட்’ ஆகியவற்றை நான் எப்போதும் அடிக்கோடிட வைக்கிறேன். பிடிபட்டவர் இன்னும் குற்றவாளியாகவில்லை என்ற நியாயத்தை அந்தச் சொற்களே காத்து நிற்கின்றன.

வாய்க்கான ஆங்கிலத்துக்கு வைத்தியசாலையும் வங்கியும் நிலாவெளிக் கரையும் போதும். கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள்: ‘ஆஃப்டர் மீல்ஸ்’, ‘ட்வைஸ் எ டே’, ‘ரிவியூ இன் டூ வீக்ஸ்’. மருந்துச் சீட்டில் வைத்தியர் எழுதும் ‘பி.டி.’, ‘டி.டி.எஸ்.’ என்பவை ஆங்கிலமே அல்ல, இலத்தீனிலிருந்து வந்த சுருக்கங்கள். முதலாவது நாளுக்கு இரு வேளை, இரண்டாவது மூன்று வேளை. தாயின் மருந்துறையை வாசிக்கத் தெரிந்த பிள்ளை அந்த வீட்டுக்குச் செய்யும் உதவி சிறியதல்ல. இங்கே ‘ரிவியூ’ என்பது மீண்டும் வந்து காட்டுவது; நாணய நிதியத்தின் செய்தியில் வரும் ‘ரிவியூ’ நாட்டின் கணக்கை மீண்டும் பார்ப்பது. இரண்டு இடத்திலும் நோயாளி நலமாகிறாரா என்றுதானே பார்க்கிறார்கள் என்று ஒரு மாணவி சொன்னாள். நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் வெளிநாட்டவர் வருகிறார்கள். புறாத்தீவுக்குப் படகு ஓட்டும் இளைஞர்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் சித்தியடையாதவர்களாகவும் இருக்கலாம். ஆனால் ‘வோட்ச் யுவர் ஸ்டெப்’, ‘டோன்ட் ஸ்டாண்ட் ஒன் த கோரல்’, ‘வி ஹாவ் டு பி பேக் பை டென்’ ஆகியவற்றைத் தயக்கமின்றிச் சொல்கிறார்கள். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடமாதலால் பவளப்பாறையை மிதிக்கவிடாமல் தடுக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது. பொறுப்புள்ள இடத்தில் வாய் தானாகத் திறக்கிறது. அவர்களுடைய ஆங்கிலத்தை இலக்கணம் காட்டி இகழ்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்த இளைஞர்களிடம் முழு வாக்கியங்கள் இருக்கின்றன; உயர்தரம் முடித்த பலரிடம் தனிச் சொற்கள்தான் இருக்கின்றன.

கொப்பி எழுதும் முறை ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள் என்று கோடு கிழித்து எழுதும் வழக்கத்தை என் வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை. செய்தியில் கண்ட வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். அதன் கீழே அதே சொல்லை வைத்து வீட்டிலோ தெருவிலோ நடந்த ஒன்றை எழுத வேண்டும். ‘வித் எஃபெக்ட் ஃப்ரொம் மிட்நைட்’ (நள்ளிரவு முதல் நடைமுறைக்கு வரும்) என்று எரிபொருள் விலை அறிவித்தலில் கண்ட பிள்ளை, ‘வித் எஃபெக்ட் ஃப்ரொம் டுமோரோ, நோ டெலிவிஷன் ஆஃப்டர் எய்ட்’ என்று தன் தாய் போட்ட சட்டத்தை எழுதினான். அடுத்த நாளும், சில நாள் கழித்தும், மாதம் கழித்தும் அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். கற்றது முதல் நாளிலேயே வேகமாகக் கரைகிறது என்பதையும், இடைவெளி விட்டு மீட்டினால் நிலைக்கிறது என்பதையும் ஜேர்மனியரான ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் தன்னையே பரிசோதித்து 1885இல் எழுதிவைத்தார்.

காதுக்கும் வேலை வேண்டும். வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா வானொலி 1959ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள் செய்தி எழுதி அதை மெதுவாக வாசிக்கும் ஒலிபரப்பு ஒன்றைத் தொடங்கியது. சிற்றலையில் அதைக் கேட்டு ஆங்கிலம் பழகிய முதியவர்களை உலகின் பல நாடுகளில் காணலாம். இன்று கைத்தொலைபேசியில் எந்தச் செய்தியையும் வேகம் குறைத்துக் கேட்க முடியும். காலையில் தமிழ்ச் செய்தியில் கேட்டுப் புரிந்துகொண்ட விடயத்தையே மாலையில் ஆங்கிலத்தில் கேட்பது நல்லது. விடயம் முன்பே தெரிந்திருப்பதால் காது சொல்லை மட்டும் பிடித்தால் போதும்.

இந்தத் தவணை எங்கள் வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பது திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளின் செய்தி. இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய தாங்கிகளில் 99 இன்றும் இருக்கின்றன. 2003இல் அவை இந்திய நிறுவனம் ஒன்றுக்கு ‘லீஸ்’ கொடுக்கப்பட்டன. 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கை வந்தது. அதன்படி 14 அந்த இந்திய நிறுவனத்தின் இலங்கைப் பிரிவான லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரு தரப்பும் சேர்ந்து நடத்தும் ‘ஜொயின்ட் வென்ச்சர்’ நிறுவனத்துக்கும் உரியவை. அந்த நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்தின் ‘ஸ்டேக்’ 51 சதவீதம். மூன்று எண்களையும் கூட்டி 99 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பிள்ளைகள் சொற்களுக்கே வந்தார்கள். 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றி ‘மெமோரண்டம் ஒஃப் அண்டர்ஸ்டாண்டிங்’, அதாவது புரிந்துணர்வு உடன்படிக்கை, ஒன்றில் கையெழுத்திட்டன. அது முந்திய ‘எக்ரிமென்ட்’டிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று கேட்டு, இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, கட்டாயத்தைச் சொல்லும் ‘ஷால்’ எங்கே வருகிறது, எண்ணத்தை மட்டும் சொல்லும் ‘இன்டெண்ட்’ எங்கே வருகிறது என்று தேடச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை கொப்பிகள் வரும்.